எல்லையோரத்தில் ஒரு வருட மார்க்கெட்டிங் பயிற்சி: சேரப்போகும் மாணவருக்கு

என் பட்டப்படிப்பின் கடைசி வருடம் முழுக்க, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோடு பக்கத்தில் மாவும் மசாலாப் பொடியும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் பயிற்சியில் இருந்தேன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், கடைகளில் இரண்டும். இந்த வட்டாரத்திலோ கோவை, பொள்ளாச்சி பக்கத்திலோ இருந்துகொண்டு இப்படி ஒரு பயிற்சியில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னையிலோ கொச்சியிலோ இருக்கும் பெரிய ஆபீஸ்தான் நல்ல பயிற்சி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கும் வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பொருள் இரண்டு விதமாக விற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வேறெங்கே இப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கும்?

சேரும் வழிகள்

முதல் வழி உங்கள் கல்லூரி. சில பட்டப்படிப்புகளில் தொழிற்பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே வருகிறது. அப்படி இருந்தால் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசி, எந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது, நீங்களே ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்தால் ஏற்பார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது, மத்திய அரசின் தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டம். சுருக்கமாக நாட்ஸ் என்பார்கள். தென் மாநிலங்களில் இதை நடத்தும் வாரியத்தின் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்களும் பதிவு செய்யலாம். 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தின்கீழ் வருவதால் ஒப்பந்தம், உதவித்தொகை, முடிவில் சான்றிதழ் எல்லாம் முறையாக இருக்கும். 2019-இல் திருத்திய விதிகளின்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய். சேரும் சமயத்தில் நடப்பில் உள்ள தொகையை நாட்ஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரன்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இந்த விதிகளில் உண்டு. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு நீங்களே நேராகப் போய்க் கேட்கும்போது இதைத் தெரிந்து வைத்திருப்பது தைரியம் தரும்.

மூன்றாவது, பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். 2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு, பன்னிரண்டு மாதம், மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒரே முறையாக 6,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். முழுநேரம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போது அது இல்லை. படிப்பு முடித்தவர்கள் யோசிக்கலாம்.

எந்த வழியானாலும், கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகை எந்தத் தேதியில் வரும்? கடைகளுக்குப் போகும் நாளில் பஸ் செலவோ பெட்ரோலோ தனியாகத் தருவார்களா? உங்களுக்கு வழிகாட்டுபவர் யார், அவர் வாரத்தில் எத்தனை நாள் அந்த ஊரில் இருப்பார்? விற்பனை டார்கெட் உங்கள் தலையில் வருமா? கடைக்காரரிடம் பணம் வசூலிக்கும் வேலை உண்டா? கடைசி இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் நன்றாக யோசியுங்கள். டார்கெட்டும் வசூலும் சேல்ஸ்மேன் வேலை. அது மரியாதையான வேலைதான், ஆனால் அதற்குச் சம்பளமும் கமிஷனும் வேண்டும். பயிற்சி என்ற பெயரில் அதைச் செய்தால் மார்க்கெட்டிங் படிக்க நேரமே இருக்காது.

முதல் வேலை: கடை கடையாக நடப்பது

சேர்ந்த உடனே போஸ்டர் டிசைனோ சமூக ஊடகப் பக்கமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே, "சேல்ஸ்மேனோடு பீட்டுக்குப் போகட்டுமா?" என்றும் கேளுங்கள். ஒரு நாளில் ஒரு சேல்ஸ்மேன் போகவேண்டிய கடைகளின் வரிசைதான் பீட். இன்று பாலக்காட்டுச் சித்தூர் டவுன், நாளை கொல்லங்கோடு, மறுநாள் வேலந்தாவளம் என்று வாரத்துக்கு ஒரு சுற்று இருக்கும். முதல் சில வாரம் இதைத் தவறாமல் செய்துவிட்டால், மீதி வருடம் மீட்டிங்கில் யார் எது சொன்னாலும் அது நடக்குமா நடக்காதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைக்குள் போனதும் பேசாமல் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பாருங்கள். வாடிக்கையாளர் பொருளைத் தானே எடுக்கிறாரா, சீட்டை நீட்டிக் கடைக்காரரை எடுக்கச் சொல்கிறாரா? கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்கிறாரா, "சாம்பார் பொடி ஒண்ணு" என்று பொதுவாகக் கேட்கிறாரா? பொதுவாகக் கேட்டால் எந்தப் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் கடைக்காரர்தான். அப்படிப்பட்ட கடையில் உங்கள் விளம்பரம் பேச வேண்டியது கடைக்காரரிடம். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அப்புறம் ஷெல்ஃபைப் பாருங்கள். நம் பாக்கெட் கண்மட்டத்தில் இருக்கிறதா, கீழே அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறதா? பழைய சரக்கு முன்னாலும் புதிய சரக்கு பின்னாலும் இருக்கிறதா? தேதி முடியப்போகும் பாக்கெட் எத்தனை? பக்கத்தில் எந்தக் கம்பெனி நிற்கிறது, அதன் விலை என்ன, எத்தனை கிராம்? இதையெல்லாம் கடைக்கு வெளியே வந்த பிறகு நோட்டில் எழுதுங்கள். முன்னால் நின்று எழுதினால் பலருக்குப் பிடிக்காது, வரி அதிகாரியோ என்று சந்தேகப்படுவார்கள்.

பேச்சு முறையும் முக்கியம். பாலக்காட்டுப் பக்கம் கடைக்காரரைச் சேட்டா என்றும், அம்மாவோ அக்காவோ கடையில் இருந்தால் சேச்சி என்றும் கூப்பிட்டால் போதும். இஸ்லாமியக் கடைக்காரரை இக்கா என்பார்கள். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் நம் ஊர்க் கடைகளில் அண்ணா, அக்கா. பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டால் பேச்சு முழுக்க "ஏனுங்க" போட்டுத்தான். மலையாளம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எண்கள், விலை, எடை, "சரக்கு இருக்கா", "எப்ப வேணும்" இவ்வளவும் தெரிந்தால் முதல் மாதம் ஓட்டிவிடலாம். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள், போட்டிக் கம்பெனியின் போஸ்டரைப் படிக்க வேண்டுமே.

கேரளப் பக்கத்தில் பீட் திட்டம் போடும்போது ஹர்த்தால் என்னும் கடையடைப்பையும் கணக்கில் வைக்க வேண்டும். ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. ஆகவே செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பீட் போகும் நாளை மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். டிஸ்ப்ளே ஸ்டாண்ட், கிஃப்ட் பெட்டி மாதிரிப் பெரிய சாமான் லாரியில் வருகிறது என்றால், இறக்குவது யார் என்று ஸ்டாக்கிஸ்டிடம் (கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பவர்) முதலிலேயே கேளுங்கள். சுமைத் தொழிலாளர்களுக்கு அங்கே 1978-இலிருந்தே தனிச் சட்டம் உண்டு, இடத்துக்கு இடம் ஏற்பாடும் கூலியும் முறையாக வகுத்திருப்பார்கள்.

கடைக்காரரின் கணக்கு

மார்க்கெட்டிங் பாடப்புத்தகம் வாடிக்கையாளரின் மனதைப் பற்றி நிறையச் சொல்லும். கடைக்காரரின் கல்லாவைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லும். ஆகவே இதை நீங்களே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு உதாரணம். ஒரு பாக்கெட்டின் எம்.ஆர்.பி. 50 ரூபாய், கடைக்காரருக்கு அடக்கவிலை 43 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் விற்றால் அவருக்கு 7 ரூபாய். இப்போது கம்பெனி "12 வாங்கினால் 1 இலவசம்" என்று ஸ்கீம் விடுகிறது. பன்னிரண்டு பாக்கெட்டுக்கு அவர் கொடுப்பது 516 ரூபாய், கையில் வருவது பதின்மூன்று. ஒன்றின் அடக்கவிலை 39 ரூபாய் 69 காசு. லாபம் 10 ரூபாய் 31 காசு ஆகிவிடுகிறது. கடைக்காரர் சந்தோஷமாக மூன்று டஜன் எடுப்பார். ஆனால் வீட்டில் சமைக்கும் அம்மாவுக்கு இதில் ஒரு காசும் குறையவில்லை, அவர் கூடுதலாக வாங்க ஒரு காரணமும் இல்லை. மாதக் கடைசியில் விற்பனை ஏறிய மாதிரி ரிப்போர்ட் வரும். இரண்டு மாதம் கழித்துத் தேதி முடிந்த பாக்கெட்டுகள் திரும்பி வரும்.

இதனால்தான் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போவது பிரைமரி, ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்குப் போவது செகண்டரி. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: கடையிலிருந்து வீட்டுக்குப் போவது. சிறிய கம்பெனிகள் இந்த மூன்றாவதை அளப்பதே இல்லை. பயிற்சிக்கு வந்த மாணவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை அதுதான் என்பேன். சில கடைகளைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரே கிழமையில் போய், ஷெல்ஃபில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று எண்ணுங்கள். போன வார இருப்பு, நடுவில் வந்த சரக்கு, இந்த வார இருப்பு. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் வீட்டுக்குப் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு பேனாவும் கடைக்காரரின் நல்லெண்ணமும் போதும்.

இரண்டு காலண்டர்

எல்லையோரத்தில் மார்க்கெட்டிங் செய்கிறவருக்குச் சுவரில் இரண்டு காலண்டர் வேண்டும். நம் ஆடி மாதமும் மலையாளத்தின் கர்க்கடகமும் கிட்டத்தட்ட ஒரே நாட்கள்தான். தமிழ்நாட்டுப் பக்கம் அது ஆடித் தள்ளுபடிக் காலம், ஜவுளிக்கடைகளில் கூட்டம் அள்ளும். பாலக்காட்டில் அதே மாதம் ராமாயணம் வாசிக்கும் மாதம், மழைக்காலம், பெரிய வாங்கல் எதையும் அடுத்த மாதமான சிங்கம் பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். ஆனால் கர்க்கடகக் கஞ்சி மருந்துப் பொட்டலம் மாதிரியான சாமான் அந்த மாதம்தான் போகும். கோவை ஸ்டாக்கிஸ்டுக்கும் பாலக்காட்டு ஸ்டாக்கிஸ்டுக்கும் ஒரே தள்ளுபடியை ஒரே நாளில் அறிவித்தால் ஒருவருக்கு உபயோகம், இன்னொருவருக்கு வீண்.

கேரளத்தில் வருடத்தின் பெரிய விற்பனை ஓணம். அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாள். போனஸ் பணமும் அதையொட்டியே கையில் வரும். தேதி ஆகஸ்டிலும் வரும், செப்டம்பரிலும் வரும். ஆகவே வருடத் தொடக்கத்திலேயே தேதியைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: சரக்கு கடையில் நிற்க வேண்டிய நாள், அதற்கு முன் ஸ்டாக்கிஸ்டுக்குப் போகும் நாள், அதற்கும் முன் பெட்டி அச்சாகும் நாள், அதற்கும் முன் டிசைன் ஒப்புதல். இப்படி எண்ணிப் பார்த்தால் ஓண வேலை ஜூனிலேயே தொடங்கிவிடும். நம் பக்கம் தீபாவளிக்கும் இதே கணக்குத்தான். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருக்கும் வருடத்தில் விளம்பரப் பணம் முழுவதும் ஓணத்தில் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் நடுவில் விஷுவும் சித்திரை வருடப்பிறப்பும் அடுத்தடுத்தோ ஒரே நாளிலோ வந்துவிடும், அதனால் அதற்கு மட்டும் ஒரே பிரசாரம் ஓரளவு எடுபடும். பொங்கலை மறந்துவிடாதீர்கள். தமிழர்கள் அதிகம் வாழும் பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசே பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை அளித்திருக்கிறது. கொச்சியில் உட்கார்ந்து திட்டம் போடும் மேலாளருக்குச் சித்தூர் தாலுகாவில் பொங்கல் எவ்வளவு பெரிது என்று தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உள்ளூர்த் திருவிழாக்களையும் குறித்து வையுங்கள்: நவம்பரில் கல்பாத்தித் தேர், ஏப்ரலில் நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழா, சித்தூரில் கொங்கன்படை. கொங்குப் படையை விரட்டிய கதையைத்தான் சித்தூரில் கொண்டாடுகிறார்கள், அதைப் பார்க்கக் கொங்கு நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த திருவிழா அது.

போனில் விளம்பரம், தெருவில் விளம்பரம்

சமூக ஊடக விளம்பரத்தில் வாளையாறை மையமாக வைத்து வட்டம் போட்டால் இரண்டு மாநிலமும் உள்ளே வந்துவிடும். மலையாள விளம்பரம் எட்டிமடைக்கும், தமிழ் விளம்பரம் பாலக்காட்டுப் பக்கத்துப் புதுச்சேரிப் பஞ்சாயத்துக்கும் போய்ப் பணம் வீணாகும். முடிந்தவரை பின்கோடு வைத்துப் பிரியுங்கள்: பாலக்காடு 678-இல் தொடங்கும், கோவை 641, பொள்ளாச்சி 642. மொழியை வைத்துப் பிரிப்பதை மட்டும் நம்ப வேண்டாம், போனை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்கள் ஏராளம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பகுதிக்குத் தமிழிலும் ஒன்று, மலையாளத்திலும் ஒன்று ஓட்டிப் பார்த்து, எதற்கு அதிகம் பேர் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மலையாள வாசகத்தை மலையாளம் எழுதுகிறவரிடமே முதலிலிருந்து எழுத வாங்குங்கள்.

தெருவில் பேனர் வைக்கும் முன் சட்டம் பாருங்கள். கேரளத்தில் பி.வி.சி. ஃபிளெக்ஸுக்கு 2019-இல் தடை வந்தது, துணி, தாள் மாதிரி மறுசுழற்சி செய்யக்கூடிய பொருளில்தான் அச்சடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதே 2019-இல் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு அனுமதியில்லாத பேனர் விஷயத்தில் நீதிமன்றம் மிகக் கடுமையாக இருக்கிறது. இருக்க வேண்டியதும் அப்படித்தான். நான் கேட்டால், கடைக்குள் வைக்கும் சின்ன அட்டையே போதும் என்பேன். கோவையில் அச்சடித்து வாளையாறு தாண்டிக் கொண்டு போவதானால் பில்லையோ டெலிவரி சலானையோ கையில் வையுங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் பழைய விற்பனைவரிச் செக்போஸ்ட் போய்விட்டது, ஆனால் வழியில் நிறுத்திக் கேட்பது உண்டு.

பாக்கெட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த விலை, தயாரித்த மாதமும் வருடமும், புகார் சொல்ல எண், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், சைவமென்றால் பச்சைப் புள்ளி. அச்சிட்ட விலையை ஸ்டிக்கர் ஒட்டி ஏற்ற முடியாது. குறைக்கலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. டிசைன் உங்கள் கைக்கு வந்தால் இதைப் பாருங்கள், அழகை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று. விளம்பரம் போகும் ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் வாசகம் எழுதாதீர்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே 2000-இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை, நிலத்தடி நீருக்காக ஆதிவாசி மக்கள் நடத்திய போராட்டத்தை அடுத்து 2004-இல் நின்றது. போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மாவின் பெயர் இந்த வட்டாரத்தில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. அந்த ஊர் வழியே போகும் வேனில் "எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தயாரித்தது" என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? அந்த அம்மாக்கள் பட்ட பாட்டை அறிந்தவர் யாரும் அப்படி எழுத மாட்டார்.

உங்களுக்கென்று ஒரு சோதனை

நான்காவது ஐந்தாவது மாதத்தில் வழிகாட்டியிடம் ஒரு சின்னச் சோதனைக்கு அனுமதி கேளுங்கள். பெரிய பணம் வேண்டாம். ஒரே மாதிரியான கடைகளில் இரண்டு கூட்டம் பிரித்து, ஒன்றில் மாற்றம் செய்து, இன்னொன்றை அப்படியே விட்டு, இரண்டிலும் வாரா வாரம் இருப்பை எண்ண வேண்டும். பத்துப் பத்துக் கடை என்றால் நிர்வகிக்க முடியும். பண்டிகை வாரத்தில் தொடங்க வேண்டாம், மாற்றத்தால் ஏறியதா பண்டிகையால் ஏறியதா என்று தெரியாமல் போகும். சோதனைக்கு முந்தைய சில வாரங்களின் எண்ணிக்கையும் கையில் இருக்க வேண்டும்.

நான் செய்தது பத்து ரூபாய்ச் சின்னப் பாக்கெட்டைச் சரமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைகளில் நன்றாகவே போனது. சீட்டுக் கொடுத்து மாதச் சாமான் வாங்கும் கடைகளில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே வருகிறவர் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார், சரம் அவர் கண்ணில் படுவதே இல்லை. இந்த இரண்டாவது முடிவுதான் கம்பெனிக்குப் பயன்பட்டது, அந்தக் கடைகளுக்குச் சரம் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆகவே "வேலை செய்யவில்லை" என்ற முடிவை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள்.

பாதுகாப்பு

பெண் பிள்ளைகள் பீட்டுக்குப் போகும் நாளில் எந்த ஊர், யாருடன், திரும்பும் பஸ் எது என்று ஆபீசில் ஒருவரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். கடைசி பஸ் குறைவாக உள்ள ஊர்களைக் காலையில் முடிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளருக்கும் அப்ரன்டிஸுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த வாரமே கேட்டு வையுங்கள். சின்ன நிறுவனமானால் மாவட்ட அளவில் குழு உண்டு.

கடைசி மாதம்

முடியும் தறுவாயில் ஆபீசில் எல்லோரும் அவரவர் வேலையில் இருப்பார்கள், உங்கள் காகிதங்களை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். சான்றிதழில் "மார்க்கெட்டிங் பிரிவில் பயிற்சி பெற்றார்" என்ற ஒரு வரியோடு விடாமல், எந்தப் பகுதி, எந்தப் பொருள், நீங்கள் தனியாகச் செய்த வேலை எது என்று எழுதித்தரச் சொல்லுங்கள். நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நாட்ஸ் வழியாகச் சேர்ந்தவர்கள் வாரியம் தரும் சான்றிதழுக்குத் தேவையான பதிவுகளை நிறுவனம் தளத்தில் ஏற்றிவிட்டதா என்று பாருங்கள். சோதனை அறிக்கையை வெளியே காட்ட வேண்டுமானால் விலை, லாப விகிதம், கடைப் பெயர்களை எடுத்துவிட்டு, வழிகாட்டியிடம் காட்டி மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள். கடைசி பீட்டில் ஒவ்வொரு கடையிலும் உங்களுக்குப் பிறகு வரப்போகிறவரை அறிமுகம் செய்துவிட்டு, அந்தக் கடையின் இருப்பு நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.